‘எங்கள் வீடு’ பற்றி நாலு வரி

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனிடம் கட்டுரை கற்றுக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவள், என் மனைவி, ஆறு மாதத்துக்கு முன் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் இங்கே என்பதால் மகள் மட்டும் என்னோடு.

மகள் ஆறாம் வகுப்பு. மற்ற பாடங்களில் தேறிவிடுவாள்; கட்டுரையில் இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்றாவதும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று டீச்சர் கடிதம் அனுப்பியிருந்தார். அம்மா இல்லாததே போதும். கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போக இவள் மட்டும் தங்கினால், அந்தக் குழந்தை தாங்காது.

எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான், வேலைச் சீட்டு. ஒவ்வொரு கட்டடத்திலும் வேலை முடிந்ததும் எழுதிக் கொடுப்பது. புகார் என்ன, காரணம் என்ன, செய்தது என்ன, இப்போது நிலை என்ன. பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே. பழியை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. இருபது வருஷமாக என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. மூன்று வாரம், சாயங்காலமானால் சமையலறை மேசையில் உட்காரவைத்து இதையே அவள் மண்டையில் ஏற்றினேன். மழை, பூங்கா, நட்பு, எல்லாம் நாலே வரியில் முடிந்தன. தனக்குத் தோன்றுவதை எழுதலாமா என்று ஒருமுறை கேட்டாள். தோன்றியதை எழுதி வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன் என்று அவள் வாயை அடைத்தேன். மடையன் நான்.

பரீட்சைக்கு மறுநாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். காலியான வகுப்பறையில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தாளை என் முன் வைத்தார். தலைப்பு, எங்கள் வீடு.

‘புகார்: வீட்டில் யாரும் பேசுவதில்லை. காரணம்: அம்மா இல்லை. செய்தது: அப்பா தினமும் எனக்குப் பாடம் சொல்லித்தருகிறார். நிலை: புகார் தொடர்கிறது.’

படித்தேன். மறுபடி படித்தேன்.

தப்பு முழுக்க என்னுடையது, அவளைத் தண்டிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். நாலு வரிக்கு மார்க் போட வழியில்லை என்றார் டீச்சர். பிறகு மகளைப் பார்த்துவிட்டு, மதிய இடைவேளை முடியும்வரை நேரம் தருகிறேன், இதே தலைப்பில் இங்கேயே எழுதட்டும் என்றார்.

நான் மகள் பக்கத்தில் குனிந்தேன்.

“நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துடும்மா. உனக்குத் தோணுறத எழுது.”

“அம்மா ஏன் போனாங்கன்னு எழுதலாமா?”

மனைவி போன அன்று நான் அவளை அடித்ததை, மகள் கதவோரம் நின்று பார்த்திருந்தாள். இதுவரை அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எழுதும்மா.”

“அப்ப நீங்க வெளிய போயிடுங்கப்பா. நீங்க இருந்தா வராது.”

தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன். முதல் தாள் நிரம்பியது. கையைத் தூக்கி இன்னொரு தாள் கேட்டாள். டீச்சர் அதைக் கொடுத்துவிட்டு, நிரம்பிய தாளை எடுத்து நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. இன்னும் எழுதட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும், அவள் தேறினால் போதும்.