நாற்பத்திமூன்று பேரைத் தள்ளிய கை

“என் ஒத்தக் கை நாப்பத்திமூணு பேரை உள்ள தள்ளிடுச்சு சார்!”

பெயிண்டர் இப்படிச் சொன்னதும் மேனேஜர் அறையே குலுங்கிச் சிரித்தது. வானத்துக்கே வெள்ளையடித்தேன் என்று சொல்லக்கூடிய மனுஷன் அவர். வெட்கம் பிடுங்கித் தின்னும்போதும் வாய் பழைய வாய்தானே!

நடந்தது இதுதான். கேன்டீனுக்குப் போகிற கூடத்தில் அன்று காலைதான் புதுச் சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள்; ஈரம் காயவில்லை. ஆலையில் பதினோரு மொழிக்காரர்கள். எழுதி வைத்தால் யார் படிப்பது? கதவில் ஒரு உள்ளங்கை வரையச் சொன்னார்கள், ‘நில்’ என்று. யானை சாய்ந்து உட்காரலாம், அத்தனை பெரிய கையாக வரைந்தார் பெயிண்டர். தரை போட்ட கொத்தனாருக்கு இவர் பாஷை தெரியாது. அவர் அந்தக் கைக்கு நேரே தன் கையை நீட்டித் தள்ளுவதுபோல் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? போய்யா!” என்று விரட்டிவிட்டார் பெயிண்டர்.

சாப்பாட்டு மணி அடித்தது. வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கை ‘இங்கே வைத்துத் தள்ளு’ என்றே சொன்னது. முன்னால் போனவன் தள்ள, பின்னால் வந்தவர்கள் நெருக்க, அத்தனை பேரும் கணுக்கால் வரை சிமெண்டில். சில செருப்புகள் இன்னும் வெளியே வரவில்லை.

“காவல் நிக்காம எங்கய்யா போன? நாளையிலிருந்து வேலைக்கு வராதே” என்று மேனேஜர் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் பெயிண்டர் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறந்ததிலிருந்து அவர் பேசாமல் இருந்த பத்து நிமிஷம் அது ஒன்றுதான். பிறகுதான் அந்த ஒத்தக் கை வசனம்.

“கை காட்டினா நில்லுன்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும்யா” என்றார் மேனேஜர்.

“விடுங்க சார், மாமா தன் படத்தைப் பத்திப் பீத்திக்கிறார்” என்றார் ஸ்டோர்கீப்பர். பெயிண்டரின் மனைவிக்குத் தம்பி.

“பெருமை இல்ல மாப்ளே, மானம் போற விஷயம். இந்தக் கொத்தனார் முன்னாடியே சொன்னார். நான்தான் விரட்டினேன்...” பெயிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வார்த்தையும் புரியாத கொத்தனார், மனுஷனுக்கு மயக்கம் என்று நினைத்து, ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயிண்டரால் உட்காரவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஸ்டோர்கீப்பர் கொத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்தது. மெதுவாகப் பேண்டைத் தூக்கிக் காட்டினார். காலுறையில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது.

“மாமா புளுகர்தான் சார். ஆனா இது நடந்துச்சு. மொத ஆளாக் கையை வச்சுத் தள்ளினது நான்தான்.”