கரி தின்ற டீசல் இன்ஜின்

ஹார்ல்பெக் ரயில்வே ஷெட்டுக்கு வந்த முதல் டீசல் இன்ஜின் கரி தின்றது. அது 1936 குளிர்காலம். குழாய்களில் தண்ணீர் உறைந்தது, முட்டைக்கோஸ் விலை ஏறியது, இதுவும் நடந்தது.

யார்டில் வேகன்களைத் தள்ளிச் சேர்க்கும் சின்ன இன்ஜின் அது. தீ இல்லை, கொதிகலன் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஓடும். ஆகவே கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேண்டாம் என்றது தலைமை அலுவலகம். டிரைவர் வில்ஃப் ஹிண்டிலோடு பல வருஷம் கரி போட்டுவந்த கிளெம் ப்ரோக்டருக்கு அந்த வாரத்தோடு வேலை போகிறது. வில்ஃபின் மகள் ஈடித்துக்கும் அவனுக்கும் ஈஸ்டர் கழிந்து கல்யாணம். வேலை இல்லையென்றால் கனடாவுக்குக் கப்பலேறுவதுதான் வழி. ஈடித், தான் பூவேலை செய்த மேஜைவிரிப்புகளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

நீராவி இன்ஜினில் கரி அள்ளும் ஷவலைக் கழுவி, அதிலேயே பன்றிக்கறியும் முட்டையும் போட்டுத் தீயில் நீட்டிப் பொரித்துத் தின்பது அவர்கள் வழக்கம்.

"இதுல முட்டைய எங்கப்பா பொரிக்கிறது?" என்றார் வில்ஃப், கடைசி நாள் காலையில்.

"உங்க மண்டையில பொரிக்கலாம். விடிஞ்சதுலேர்ந்து கொதிச்சுக்கிட்டே இருக்கே."

வில்ஃப் இன்ஜினில் ஏறி உட்கார்ந்தார். நெம்புகோலில் கைவைத்ததும் பழக்கதோஷத்தில், "போடு தம்பி" என்றார். கீழே நின்ற கிளெமும் பழக்கதோஷத்தில் பக்கத்துக் குவியலில் ஒரு ஷவல் கரி அள்ளி, இன்ஜினின் பக்கக் கதவைத் திறந்து வீசினான்.

இன்ஜின் விழுங்கியது. தொண்டையில் இறங்கும் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அதன் உடம்பில் சூடு பரவ, கூரையில் உறைந்திருந்த பனி இளகிச் சொட்டியது. தீ மூட்டாமல் நின்ற நீராவி இன்ஜின்களும் மெல்ல விசில் ஊதின. ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதன்பின் பொத்தானுக்கு அது அசையவில்லை. தலைமை அலுவலகத்துப் பொறியாளர் வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே கரியும் இல்லை, சாம்பலும் இல்லை. வேறு ஆள் போட்ட கரியை வெளியே துப்பியது.

"நான் போட்டாத்தான் திங்குது ஐயா" என்றான் கிளெம் கூச்சத்தோடு. போட்டான், ஓடியது. பொறியாளர் கையுறையைக் கழற்றி, வெதுவெதுப்பான அந்த இரும்பில் வெகுநேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். "ஃபயர்மேன் இருக்கட்டும்" என்றார்.

கல்யாணத்தன்று காலை சர்ச்சுக்குப் போகும் வழியில் ஈடித் ஷவலைத் தானே வாங்கிக் கரி போட்டாள். அவளிடமும் தின்றது.

"வீட்டாளுன்னு தெரிஞ்சிருக்கு" என்றார் வில்ஃப்.

யுத்தம் வந்து போனது, நீராவி இன்ஜின்கள் பழைய இரும்புக்குப் போயின. ப்ரோக்டர் வீட்டிலிருந்து தினமும் காலையில் யாராவது வந்து கரி போட்டுவிட்டுப் போகிறார்கள். ஷெட்டில் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தேநீர் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். அப்படியே டீசலின் கரி எங்கே இருக்கிறது என்றும்.