பதினேழாம் விதியும் ஆறு ஜன்னல்களும்

எங்கள் குடியிருப்பில் சுவருக்கு மூன்று நிறங்கள்தாம் அனுமதி: மணல், வெளிர்மணல், ஈரமணல். இதை முடிவு செய்த அழகுக் குழுவில் அப்பாவும் இருந்தார். ஜன்னல் கண்ணாடிகள் எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிற பதினேழாம் விதி முழுக்க அவர் எழுதியது. கறுப்பர்கள் நெருங்கி வாழும் மாமெலோடியிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்த முதல் கறுப்புக் குடும்பம் நாங்கள். கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

திங்கட்கிழமை அப்பா இறந்துபோனார்.

எங்கள் வழக்கப்படி அம்மா அறையைக் காலி செய்து, தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை அடக்கம் முடியும்வரை அதுதான் அவருடைய இடம்.

"ஒபாகெங், ஜன்னல்ல சாம்பல் பூசுடா. சாவு வீடுன்னு தெரிஞ்சாத்தான வருவாங்க."

"இங்க யாரும்மா வரப்போறாங்க?"

"பதினோரு வருஷம் இந்தத் தெருவுல இருந்தாருடா மனுஷன். ஒருத்தராவது வரமாட்டாங்களா?"

குடியிருப்பில் விறகு எரிக்கத் தடை. அதனால் சாம்பலும் கிடையாது. மாமெலோடி சித்தியிடம் ஒரு டின் வாங்கிவந்து தெருப்பக்க ஜன்னல்கள் ஆறிலும் பூசினேன். அங்கே இப்படிப் பூசினால் ஒரு மணி நேரத்தில் கூடாரம், பெரிய பானை, பாட்டு, வம்பு எல்லாம் வந்து சேரும். இங்கே சொந்தக்காரர்கள் மாலையில் ஆறு ஆறு பேராக வந்தார்கள். அதற்கு மேல் குடியிருப்பு வாசலில் காவலாளிகள் விடமாட்டார்கள். தெருவிலிருந்து யாரும் வரவில்லை. புதன்கிழமை எதிர்வீட்டுக்காரர் மட்டும் நாயோடு நின்று, "பெயின்ட் வேலையா?" என்றார்.

"அப்பா இறந்துட்டாரு."

"ஓ" என்றார். நாய்தான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

வியாழக்கிழமை அழகுக் குழுவிடமிருந்து அப்பா பெயருக்குக் கடிதம் வந்தது. 'அன்புள்ள திரு. மொலெஃபே, தாங்கள் பதினேழாம் விதியை மீறியுள்ளீர்கள். நாளை காலை எங்கள் பணியாளர் துடைப்பார்.' அந்த விதியை எழுதியதே அந்தத் திரு. மொலெஃபேதான் என்பதைக் கடிதம் குறிப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வாளியோடு வந்த பொன்ட்ஷோ அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஜன்னலைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருப்பா?"

"அப்பா."

"அழுக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே, பாவிங்க."

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் மெத்தையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்தபடி அழுதார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, துடைக்காமப் போனா எனக்கு வேலை போயிரும்."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஒபாகெங், நீ துடை. இவங்க இங்க இருக்கட்டும்."

"நாளைக்குத்தானம்மா அடக்கம்? ஒரு நாள் இருக்கட்டுமே."

"யாருக்காகடா? வரவேண்டியவங்க வந்தாச்சு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். உள்ளே அம்மா முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார். "திங்கக்கிழமை காலைல டீ கேட்டாரு. சர்க்கரை கம்மியா போடுன்னாரு..."

சாம்பல் கரைந்து மணல்நிறச் சுவரில் வழிந்தது, அதையும் துடைத்தேன். ஆறாவது ஜன்னலில் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா கண்டுபிடித்திருப்பார்.

திரும்பவும் துடைத்தேன்.