மூடியை நம்பிய கோதுமை

ஈரத்துணி பீட்ரூட் நிறத்துக்கு மாறியபோது லரீன் முதலில் தன் விரலைத்தான் பார்த்தாள், எங்காவது வெட்டிக்கொண்டோமோ என்று.

காயம் எதுவும் இல்லை. கை அரவை எந்திரத்தில் கோதுமை கொட்டும் வாயைத் துடைத்த துணி அது. மறுபடி துடைத்தாள். இன்னும் சிவந்தது.

அடுக்களை மூலையில் இருந்த வெள்ளை வாளியை ஜன்னலருகே இழுத்தாள். கை நிறையக் கோதுமையை அள்ளி, காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேற்று மண்ணெண்ணெய் விளக்கடியில் நல்ல செங்கோதுமையாகத் தெரிந்தது. இன்று ஒவ்வொரு மணியின் மேலும் ரோஸ் நிறத்தில் ஒரு பூச்சு.

விதைக் கோதுமை. பூஞ்சை மருந்து பூசியது. தப்பித்தவறியும் மனிதர் வாயில் போட்டுவிடக்கூடாது என்பதற்காகவே சாயம் ஏற்றியது.

நேற்று அதை அரைத்துத்தான் இரண்டு ரொட்டி சுட்டிருந்தாள். இரண்டும் இப்போது சபையில், திருவிருந்து மேசையில் இருந்தன.

ஏழு மாதம் தேடி அடைந்த எந்திரம் அது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில், இறந்துபோன ஆர்வல் பெரியவர் வீட்டுச் சாமான் விற்பனையில் கிடைத்தது. கல் சக்கரம், இரும்புக் கைப்பிடி. கூடவே ஒரு வாளி கோதுமை. மூடியில் ஆர்வலின் கொட்டை எழுத்து: ‘சாப்பாட்டுக் கோதுமை. மருந்தில்லா வயல்.’ ஆர்வல் எழுதினால் எழுதினதுதான். லரீன் இரண்டாவது தரம் பார்க்கவில்லை.

ஆனால் இந்த ஐடஹோ பள்ளத்தாக்கில் வருஷக்கணக்குக்குத் தானியம் சேர்க்காத வீடு கிடையாது. எல்லா வீட்டிலும், சாப்பாட்டுக் கோதுமைக்கும் விதைக் கோதுமைக்கும் ஒரே வெள்ளை வாளி, ஒரே அளவு மூடி. விற்பனை அன்று வருகிறவர் போகிறவரெல்லாம் திறந்து பார்த்தார்கள். கையில் அகப்பட்ட மூடியை எடுத்து மூடினார்கள்.

வெள்ளிக்கிழமைப் பனிப்புயலில் மின்சாரம் போனது, கடைப் பாதை அடைபட்டது. மின் அரவை எந்திரம் வைத்திருந்த பெண்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, “நான் சுட்டுத் தர்றேன்” என்று லரீன்தான் பெருமையாகச் சொன்னாள்.

ஒரே ஒரு நல்ல காரியம், இது உபவாச ஞாயிறு. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு பெரியவர்கள் யாரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. இல்லாவிட்டால் சூட்டோடு சூடாக ரொட்டி முனையைப் பிய்த்துத் தின்னாமல் அவள் கணவன் டெலாய் விட்டிருக்கமாட்டான்.

ஆனால் மகள் டெஸ்ஸுக்கு வயது நாலு. குழந்தைகளுக்கு உபவாசம் இல்லை. சபைப் படியில் பனி வார டெலாய் முன்னாடியே கிளம்பியபோது அவளும் தொற்றிக்கொண்டு போயிருந்தாள். வண்டியில் ரொட்டிப் பை அவள் மடியில்தான் இருந்தது.

லரீன் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். உறைந்த குழாயைச் சரிசெய்துவிட்டு அவள் ஓட்டிவர வேண்டிய பழைய வண்டி இருமியது, செத்தது. கைபேசிக் கோபுரமும் படுத்திருந்தது. வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் இபான். பாஸ்க் இனத்தவர், ஆடு வளர்ப்பவர், சபைப் பக்கமே தலைவைக்காதவர். கையில் ஆவி பறக்கும் காப்பி, லரீனின் சபையில் யாரும் தொடக்கூடாதது.

“அடடே! காப்பி வாசம் இழுத்துக்கிட்டு வந்துருச்சா? உங்க பிஷப்புகிட்ட சொல்லமாட்டேன், உள்ள வா.”

“வண்டிய எடுங்க இபான். திருவிருந்து ரொட்டியில விதைக் கோதுமை.”

அவர் காப்பியைப் பனியில் கொட்டினார்.

முன்னால் பனி தள்ளும் தகடு கட்டிய வண்டி அது. குழி விழுந்த சாலையில் குதித்துக் குதித்துப் போனது.

“எத்தன பேரு இருப்பாங்க?”

“நூறுக்குக் குறையாது. டெஸ்ஸும் இருக்கா.”

“எப்ப தின்பீங்க?”

“பாட்டு பாடுறப்போ ரொட்டியப் பிய்ப்பாங்க. அப்புறம் ஜெபம். அப்புறம் தட்டு சுத்தி வரும்.”

“உங்க பாட்டு நீளமானதுன்னு கேள்வி. அதுவாவது நல்லதுக்குத்தான்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார்.

சபை வாசலில் லரீன் குதித்தபோது பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே ஓடினாள். கூடத்துக் கதவை மறித்து பிரதர் நெஃபி நின்றார், விரலை உதட்டில் வைத்தபடி.

“ஜெபம் நடக்குது சிஸ்டர். இப்ப உள்ள போகக்கூடாது.”

“பிரதர், அந்த ரொட்டி...”

“உங்க ரொட்டி எங்கயும் போயிடாது. உங்க வீட்டுக்காரர்தான் ஜெபம் சொல்றாரு. ஒரு வார்த்தைய விட்டுட்டாரு, பிஷப் திரும்பச் சொல்லச் சொல்லிட்டாரு. பொறுங்க.”

அந்த ஜெபத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் முதலிலிருந்துதான். டெலாயின் தடுமாறும் நாக்கை அவள் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள்.

உள்ளே ‘ஆமென்’ எழுந்தது.

ஜெபத்துக்கப்புறம் முதல் தட்டு பிஷப்புக்குத்தான் போகும். அதற்கப்புறம் வரிசை வரிசையாக. தட்டு சுற்றுகையில் கைக்குழந்தையின் அழுகையைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தம் கேட்டதில்லை. பேசுகிற பெரியவரை லரீன் தன் நாற்பது வருஷத்தில் கண்டதில்லை.

நெஃபியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே பாய்ந்தாள். முழங்கால்வரை பனியும் கையில் சிவந்த துணியுமாக நடுப்பாதையில் ஓடினாள். பிஷப் ஸ்டாடர்டின் விரலிடுக்கில் ரொட்டித் துண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

“வாயில வைக்காதீங்க பிஷப்! அது விதைக் கோதுமை!”

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் உழவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிஷப்பின் கை அப்படியே நின்றது. “ஆர்வல் வீட்டு வாளி. மூடி மாறியிருக்கு,” என்று லரீன் துணியை உயர்த்திக் காட்டினாள். அவர் துண்டைத் தட்டில் வைத்து, விரல்களைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார்.

லரீன் அதற்குள் முன்வரிசையில் மண்டியிட்டு டெஸ்ஸின் தாடையைப் பிடித்திருந்தாள்.

“வாயத் திற. ரொட்டி தின்னியா? வண்டியில தின்னியா? அடிக்கமாட்டேன், சொல்லு.”

குழந்தை உதட்டைப் பிதுக்கியது. “அப்பா தரல.”

“கேட்டா,” என்றான் டெலாய், வெளுத்த முகத்தோடு. “வழி பூரா அழுதா. திருவிருந்து ரொட்டி, தொடக்கூடாதுன்னுட்டேன். நான் கல்நெஞ்சக்காரன்னு சொன்னா.”

லரீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிஷப் எழுந்து நின்றார். “ஆர்வல் வீட்டு விற்பனையில வேற யார் யாரு கோதுமை வாளி வாங்கினீங்க?”

ஒரு கை உயர்ந்தது. பின்வரிசையில் இன்னொன்று. கதவருகே நெஃபியின் கை, மெதுவாக.

“நாலாவது என் வீட்டுல இருக்கு,” என்றார் பிஷப். “உபவாசம் முடிக்க சாயந்திரம் அதுலதான் கஞ்சி வைக்கிறதா இருந்தோம். வீட்டுக்குப் போனதும் மூடிய நம்பாதீங்க. அள்ளி, வெளிச்சத்துல நனைச்சுப் பாருங்க. சிஸ்டர் லரீன், அந்த எந்திரம்?”

“கல்லுல ஏறியிருக்கும் பிஷப். கழுவினா போகாது.” அவள் துணியை மறுபடி சுருட்டினாள். “இனி அதுல மாட்டுத் தீனிகூட அரைக்கமாட்டேன்.”

இப்போது ரொட்டிக்கு எங்கே போவது? உபவாச நாளில் யார் பையில் ரொட்டி இருக்கும்? மேசையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு டெலாய் விழித்தான்.

பின்னாலிருந்து ஒரு செருமல். இபான், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

“வண்டியில அரை ரொட்டி கிடக்கு. கடையில வாங்கினது, நாலு நாள் பழசு. காப்பிக்காரன் ரொட்டி ஆகுமா ஆகாதான்னு நீங்கதான் சொல்லணும்.”

பிஷப் அவரைப் பார்த்தார். “பூச்சு கீச்சு எதுவும் இல்லையே?”

“ஒரு ஓரமா வெண்ணெய் தடவியிருக்கேன்.”

“அந்த ஓரத்த வெட்டிருங்க,” என்றார் பிஷப்.

டெலாய் கை கழுவி வந்து மறுபடி மண்டியிட்டான். இந்தத் தடவை அவன் ஒரு வார்த்தையும் விடவில்லை. லரீன் டெஸ்ஸை மடியில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.