ஆனை ஏறின பெட்டி

கதிரவேலுக்குப் போட் ஒட்டுற வேலை. உப்புவெளிக் கடக்கரையில தகரம் போட்ட ஒரு பட்டறை. கல்லில அடிபட்டு வயிறு கிழிஞ்ச எந்தப் பைபர் போட்டைக் கொண்டுவந்து போட்டாலும், துணியை வைச்சு, ரெசினைப் பூசி, திரும்பத் தண்ணியில இறக்கிக் குடுத்திடுவார். அந்தப் பட்டறை மூலையில ஒரு மேசை இருக்கு. அதில முதலாளிமாரும் கை வைக்க ஏலாது, கூலிக்கு வாறவையும் கை வைக்க ஏலாது. அந்த மேசையில தண்டவாளம் போட்டு ஓடுறது சேர்க்கஸ் கோச்சி, ஒரு குட்டி ரயில்.

கையளவுப் பெட்டிகள்தான். சிங்கக்கூண்டுக்குக் கம்பி, சைக்கிள் பிரேக் வயரைப் பிரிச்சு எடுத்த இழை. பாண்ட் வாசிக்கிறவையின்ர பெட்டி, மீன் டின்னில வெட்டினது. கோமாளிப் பெட்டி முழுக்கப் பலகை. போட்டுக்கு அடிச்சு மிஞ்சின சிவப்பும் மஞ்சளும் பெயின்ற், அதுதான் எல்லாப் பெட்டிக்கும்.

"கிழவன் ஆகிற வயசில விளையாட்டுச் சாமான்" எண்டு கடக்கரையில பகிடி பண்ணாத ஆளில்லை. மனிசி ஜெயரூபி மட்டும் ஒரு நாளும் பகிடி பண்ணினதில்லை. காரணம் இருக்கு.

கொஞ்சக் காலத்துக்கு முதல் கிறைண்டர் வெட்டிக் கதிரவேலின்ர கை நரம்பு அறுந்து போச்சு. மாசக்கணக்கா வேலையில்லை. சும்மா இருந்த மனுசன் வீட்டில எல்லாத்துக்கும் சண்டை. கறியில உப்புக் கூடினாலும் சண்டை, குறைஞ்சாலும் சண்டை, காகம் கத்தினாலும் ஜெயரூபியோடதான் சண்டை. அவ ஈச்சிலம்பற்றில இருக்கிற தாய் வீட்டுக்குப் போக உடுப்பு அடுக்கி வைச்சிட்டா. அந்த நேரம்தான் கிண்ணியாவில இருந்து அபூதாஹிர் நாநா, தன்ர தம்பியின்ர போட் விசயமா வந்தார்.

கப்பலில வேலை செய்த மனுசன். போற துறைமுகத்தில எல்லாம் சேர்க்கஸ் கோச்சிப் பெட்டி தேடி வாங்கிறதுதான் அவற்ற விசர். கட்டுப்போட்ட கையோட கதிரவேல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறதைப் பார்த்திட்டுப் பேசாமல் போனார். அடுத்த வெள்ளி ஒரு பையோட வந்தார்.

"தம்பி, இந்தச் சில்லுகளக் கோத்துத் தாங்களன். எனக்குக் கண் தெரியுதில்ல."

கதிரவேல் முனகிக்கொண்டு வாங்கினார். கோச்சிப் பெட்டிக்குப் போடுற, சட்டைப் பித்தான் அளவுச் சில்லுகள். விரல் நடுங்கி நடுங்கி, விழுந்து விழுந்து, கடைசியாக் கோத்து முடிச்சார். அண்டைக்கு இரவுச் சாப்பாட்டில உப்பு எப்பிடி இருந்தது எண்டு அவர் கேக்கவேயில்லை. நாநாவுக்குக் கண்ணில ஒரு குறையும் இல்லை எண்டது பிறகுதான் தெரியவந்தது. அடுக்கின உடுப்பை ஜெயரூபி திரும்ப அலுமாரியில வைச்சா. சில்லுக் கோத்த கை, பிறகு தானே பெட்டி செய்யவும் தொடங்கிச்சு.

அப்பிடிப்பட்ட நாநாவைத்தான் இந்த வருசம் பாரிசவாதம் விழுத்திப்போட்டுது.

நாநாவின்ர மனிசி றுக்கியா, ஒரு காலமை தலையணை உறையில சுத்தின ஒரு சாமானோட பட்டறைக்கு வந்தா.

"வாங்கோ றாத்தா. நாநா எப்பிடி?"

"என்னத்தச் செல்ல தம்பி. கால் பரவாயில்ல. வலக்கை தூக்க ஏலா. கதையும் அரைவாசிதான் வருது. ஆனா அதெல்லாம் இல்ல என்ட கவலை." அவ உறையை அவிழ்த்தா. "அவரு விழுந்தது அந்தக் கோச்சி மேசையிலதான். கை போய் இதில விழுந்திட்டு."

ஆனைப் பெட்டி. நாநா முதல் முதல் வாங்கினது. நீலப் பிளாஸ்டிக், பொன் நிறத்தில பூ வேலை. கூரை நொறுங்கி, ஒரு பக்கச் சுவர் வெடிச்சுக் கிடந்தது.

"ஆசுபத்திரியால வந்த அண்டைக்கே அந்த அறைக் கதவப் பூட்டச் செல்லிட்டாரு. கைக்கு அமத்தச் செல்லிக் குடுத்த பந்தையும் உருட்டி விட்டுருவாரு. சுவரப் பாத்துக்கிட்டே இரிக்காரு. இது சரியானா அவரு அந்த அறைக்குள்ள போவாரு தம்பி, எனக்குத் தெரியும். அவருக்குச் செல்லாமத்தான் கொண்டு வந்த."

"விட்டிட்டுப் போங்கோ றாத்தா. போட்டே ஒட்டுற எனக்கு இது பெரிய வேலையோ" எண்டார் கதிரவேல்.

அந்த வாய்தான் பிழை.

அவர் தன்ர கையால செய்த பெட்டி எல்லாம் தகரமும் பலகையும். பிளாஸ்டிக் பெட்டி ஒண்டை அவர் ஒட்டினதே இல்லை. ஆனா கை பழகின வழியிலதானே போகும்? பின்னேரம் வேலையாக்களை அனுப்பிப்போட்டு, போட்டுக்குச் செய்யிற மாதிரியே உள்பக்கத்தால மெல்லிசாத் துணி வைச்சு ரெசினைப் பூசினார். ஒரு பூச்சுப் போதும். நாநாவின்ர சாமான் எல்லோ எண்டு இன்னொருக்கா, நல்லாத் தாராளமாப் பூசினார். மூடிவைச்சிட்டு வீட்ட போய்ச் சந்தோசமாச் சாப்பிட்டார்.

காலமை வந்து பார்த்தா, ஆனைப் பெட்டி தொதல் அல்வா மாதிரிக் குழைஞ்சு கிடக்கு.

ரெசின் பிளாஸ்டிக்கைத் திண்டுபோட்டுது. கூரை இல்லவே இல்லை. சுவர் ரெண்டும் சுருங்கி, அடித்தட்டு நடுவில பள்ளமாத் தொங்குது. தகரத்தில செய்த சில்லுகள் மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்டும் நடக்காத மாதிரி நிக்குது.

கதிரவேல் போட்டின்ர விளிம்பில குந்தி இருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த ஜெயரூபி முதல் அவற்ற முகத்தைப் பார்த்தா, பிறகு பெட்டியைப் பார்த்தா.

"ஐயோ, இதென்ன இது?"

"நாநா என்ர கையைத் திருப்பித் தந்தவர். நான் அவருக்கு இதைச் செய்து வைச்சிருக்கிறன்."

அவ பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"பஸ்ஸில வைச்சிட்டு இறங்கிட்டன் எண்டு சொல்லுவமோ?" எண்டார் கதிரவேல்.

"இஞ்ச பாருங்கோ. அந்த மனுசன் கண் தெரியேல்லை எண்டு பொய் சொன்னது உங்களுக்காக. நீங்கள் பொய் சொல்லப் போறது ஆருக்காக?" தேத்தண்ணியை வைச்சிட்டு அவ போயிட்டா.

அதே தலையணை உறையில சுத்திக்கொண்டு கதிரவேல் கிண்ணியா பஸ் ஏறினார். பாலத்தால போகேக்க யன்னலுக்கு வெளியில தண்ணி பளபளத்தது. ஒருக்கா எட்டி வீசினாக் கதை முடிஞ்சுது எண்டு கை சொல்லிச்சு. அது நாநா திருத்தித் தந்த கை. உறையை இன்னும் இறுக்கிப் பிடிச்சார்.

அபூதாஹிர் நாநா விறாந்தையில கதிரையில சுவரைப் பார்த்தபடி இருந்தார். தாடி வெட்டேல்லை. வலக்கை மடியில பிறத்தியாற்ற சாமான் மாதிரிக் கிடந்தது. கதிரவேலைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார். குசினியில இருந்து ஓடிவந்த றுக்கியா உறையைப் பார்த்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பார்க்க ஏலாமல் கதிரவேல் நிலத்தில இருந்தார்.

"நாநா, றாத்தா இதை உங்களுக்குத் தெரியாமல் என்னட்டத் தந்தவ. நான் திருத்தித் தாறன் எண்டு வாய் விட்டனான். பழுதாக்கிப்போட்டன்."

உறையை விரிச்சார். றுக்கியா "யா அல்லாஹ்" எண்டு வாயில கை வைச்சா.

நாநா குனிஞ்சு பார்த்தார். பிறகு இடக்கையால பெட்டியை எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"போட்... ரெசின்?"

"ஓம் நாநா."

"ரெண்டு... பூச்சு?"

"ஓம் நாநா. நல்லா இருக்கட்டும் எண்டு."

நாநாவின்ர தோள் குலுங்கத் தொடங்கிச்சு. கண்ணால தண்ணி வடியுது. றுக்கியா பயந்து போய் முதுகைத் தடவினா. அவர் அவவின்ர கையைத் தட்டிவிட்டார். அழுகை இல்லை. மனுசன் சிரிக்கிறார்.

"மடையா!" எண்டார். பாதியில நிக்காமல், முழுசா, தெருவுக்குக் கேக்க.

கதிரவேல் தலையை நிமிர்த்தினார்.

"பிளாஸ்டிக்க... அது... திண்டுரும்." நாநா மூச்சு வாங்கினார். தொங்கிக் கிடந்த அடித்தட்டை விரலால தட்டிக் காட்டினார். "இப்பதான்... சரி. ஆனை ஏறினா... வளையும்தானே."

இப்ப மூண்டு பேரும் சிரிச்சினம். பிறகு நாநா அறைப் பக்கம் தலையை ஆட்டினார். "கதவத்... தொற."

றுக்கியா பூட்டின்ர திறப்பைத் தேடின அவசரத்தில அலுமாரித் தட்டையே கவிட்டுப்போட்டா.

கோச்சி சீலைக்குக் கீழ அப்பிடியே இருந்தது. கதிரவேல் ஒரு பக்கம் பிடிக்க, நாநா காலை இழுத்து இழுத்து வந்து மேசைக்கு முன்னால இருந்தார். தன்ர இடக்கையாலதான் ஆனைப் பெட்டியைக் குதிரைப் பெட்டிக்குப் பின்னால கொழுவினார். ஸ்விச்சைப் போட்டார். என்ஜின் இழுத்துது. மற்றப் பெட்டி எல்லாம் சிங்காரமாப் போக, ஆனைப் பெட்டி மட்டும் வயித்தைத் தொங்கப்போட்டு, அசைஞ்சு அசைஞ்சு, உள்ளுக்கு மெய்யாவே ஒரு பாரம் நிக்கிற மாதிரிப் போச்சு.

"நான் ஜெயரூபியின்ர அச்சுப் பலகாரம் மாதிரி மற்றப் பெட்டி ஒண்டில அச்சு எடுத்து, அசல் மாதிரியே செய்து தாறன் நாநா."

"வேணா. கூரை மட்டும்... தகரத்தில."

பால்மா டின் ஒண்டை றுக்கியா கொண்டுவந்து தந்தா. மிச்சப் பால்மாவைப் போத்தலில கொட்டியும் முடியேல்லை, அதுக்குள்ள டின் மேசைக்கு வந்திட்டுது. வெட்டி விரிச்ச தகரம் சுருண்டு சுருண்டு எழும்பிச்சு. கதிரவேல் பாரத்துக்கு வைக்க ஒரு கல்லைத் தேடினார். நாநா இடக்கையால வலக்கையைத் தூக்கி, தகரத்துக்கு மேல பொத்தெண்டு போட்டார்.

"இது சும்மா... கிடக்குதே."

கதிரவேல் கத்திரிக்கோலை ஓட்டினார். முடியிற இடத்தில தகரம் வழுக்கப் பார்த்துது. அந்த நேரம் நாநாவின்ர பெருவிரல் கொஞ்சமா அமத்திச்சு. நாநாவும் கண்டார், கதிரவேலும் கண்டார். கதிரவேல் மிச்சத்தை மெல்ல மெல்ல வெட்டினார்.

பின்னேர பஸ்ஸில வந்து இறங்கின கதிரவேலுக்காக ஜெயரூபி படலையில நிண்டா.

"சொன்னியளோ?"

"சொன்னன்."

"ஏசினாரோ?"

"ஓம். மடையா எண்டு ஏசினார்." கதிரவேல் படலையைத் தள்ளித் திறந்தார். "முழுசாச் சொன்னார் ஜெயா. ஒரு எழுத்தும் விடேல்லை."

அவ முந்தானையால கண்ணைத் துடைச்சா. "கடவுளே, நல்லா ஏசட்டும்" எண்டா.

வாற வெள்ளி குதிரைப் பெட்டிக்கு ஒரு கதவு போடவேணும் எண்டு நாநா சொல்லிவிட்டவர். தனக்குக் கண் தெரியுதில்லையாம்.