மருமகளுக்கு அம்மை குத்தவில்லை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் முதலாளிகள் குடியிருந்த தெருவில் சாமுவேல் முனிசிபாலிட்டி சார்பில் பத்து வருஷமாக அம்மை குத்தினார். அந்தத் தெருப் பெண்களில் ஒருத்தியின் முகமும் அவருக்குத் தெரியாது. முன்கட்டில் படுதா கட்டுவார்கள். படுதாவின் பிளவு வழியாக ஒரு கை வரும். உள்ளேயிருந்து பெயர் சொல்வார்கள். அவர் தோளுக்குக் கீழே சுரண்டி, கன்றின் கொப்புளத்திலிருந்து எடுத்த அம்மைப்பால் தடவி, பெயரை எழுதிக்கொள்வார். எட்டாம் நாள் மறுபடி போவார். கொப்புளம் எழும்பியிருந்தால் ‘பிடித்தது’ என்று எழுதுவார்.

அமீர் பாஷா வீட்டில் அன்று எட்டாம் நாள். சித்திரை வெயிலில் நடந்து வந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தார், அது இன்னும் வரவில்லை.

ஆறு பெண்கள். ஐந்தாவது கை சமையல்காரி சகீனாவுடையது. இடது கை, நன்றாகப் பிடித்திருந்தது. ஆறாவது கை மருமகள், அமீர் பாஷாவின் மனைவி தில்ஷாத்துடையது. ஆறு மாசக் கர்ப்பிணி. போன வாரம் இடது கையில் வளையல் இறுகிக் கிடக்கிறது என்று சொல்லி வலது கையை நீட்டியிருந்தார்கள். வெயிலில் பால் கெட்டுவிடும் என்ற அவசரத்தில் அவரும் அதிலேயே குத்திவிட்டார்.

இன்று அந்தக் கையைப் பிடித்தபோது வெங்காய வாடை அடித்தது. நகக்கண்ணில் மஞ்சள். முதலாளி வீட்டு மருமகள் வெங்காயம் நறுக்குவாளா என்று யோசித்தார்.

“சகீனாவும் மருமகளும் ஒரே நேரத்துல கையை நீட்டுங்கம்மா.”

உள்ளே குசுகுசுப்பு. “எதுக்கு?” என்றது மாமியார் அக்தரி பேகத்தின் குரல்.

“ஒப்பிட்டுப் பார்க்கணும்.”

இரண்டு கைகள் வந்தன. ஒன்று இடது, ஒன்று வலது. தூக்கச் சொல்லும் குழந்தையின் கைகளைப் போல இரண்டும் ஒரே உயரத்தில் அவரை நோக்கி நீண்டிருந்தன.

இரண்டிலும் அதே வெங்காய வாடை.

“சகீனா, மூணாவது கை இருந்தா அதையும் நீட்டு. பேகம்மாவுக்கு ரெண்டாந்தரம் குத்திட்டுப் போறேன்.”

கைகள் சரேலென்று உள்ளே போயின. யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது.

“எனக்கு இன்னா சார் தெரியும்? நீட்டுன்னாங்க, நீட்டினேன்,” என்றாள் சகீனா. “நாலு நாளா ரெண்டு கையும் தூக்க முடியல. மாவு பிசையறதுக்குள்ள உயிர் போவுது.”

“அவளை எதுக்குக் கேக்கறே? நான்தான் சொன்னேன். என்னைக் கேளு,” என்றாள் அக்தரி பேகம்.

“ஏன் பேகம்மா இப்படிச் செஞ்சீங்க?”

“வயித்துப் புள்ளைக்கு ஆவாது. சூடு.”

“யார் சொன்னது?”

“ஹகீம் நாடி பிடிச்சுப் பார்த்துச் சொன்னாரு. அவரு சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? என் மூத்த மருமவளுக்கு நீதான் குத்தினே. பதினஞ்சாம் நாள் கலைஞ்சு போச்சு. மறந்துட்டியா?”

அவர் மறக்கவில்லை.

“அது அம்மைப்பாலால இல்லம்மா.”

“வேற எதனால?”

அவருக்குத் தெரியாது. அவருடைய ஆபீசிலும் யாருக்கும் தெரியாது. முனிசிபாலிட்டி டாக்டர் கர்ப்பிணியைப் பிரசவம்வரை விட்டுவைக்கலாம் என்பார். ஜில்லாவிலிருந்து வந்த லேடி டாக்டர், ஊருக்குள் அம்மை வந்துவிட்டால் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அமீர் பாஷா இருவரையும் கேட்டிருந்தார். “ரெண்டு டாக்டரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்,” என்று தாயாரிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஷாப்புக்குப் போய்விட்டார்.

அந்த ஷாப்புக்குப் பின்னால் தோல் கழுவுகிறவர்களின் குடிசைகளில் நேற்று நாலாவது ஆளுக்கு அம்மை கண்டிருந்தது. அமீர் பாஷா தினமும் அங்கே போய் அவர்களிடம் பேசிவிட்டு, சாயங்காலம் இந்த வீட்டுக்குத்தான் வருகிறார். இதைச் சாமுவேல் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

“ஒண்ணும் ஆகாது பேகம்மா. நான் சொல்றேன்.”

“போன தரமும் அதையேதான் சொன்னே.”

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. “நான் தொழுதுட்டு வர்றேன். வர்றதுக்குள்ள நீ போய்டு,” என்று சொல்லிவிட்டு அக்தரி பேகம் எழுந்து போனாள்.

சாமுவேல் பெட்டியை மூடினார். பதின்மூன்று வருஷ உத்தியோகம். குத்தினால் மாடாகிவிடுவார்கள் என்று ஓடியவர்களைப் பார்த்திருக்கிறார். குத்தின இடத்தைச் சாணியால் கழுவியவர்களைப் பார்த்திருக்கிறார். கையை வாடகைக்கு விட்ட வீடு இதுதான் முதல்.

“சார்.”

படுதாவுக்குப் பின்னால் வேறு குரல். சற்று முன் சிரித்தது அந்தக் குரல்தான் என்று அவருக்குப் புரிந்தது.

“மருமகளாம்மா?”

“ஆமா. நீங்க இதுவரைக்கும் எத்தனை கர்ப்பிணிக்குக் குத்தியிருக்கீங்க?”

பத்து வருஷத்தில் இந்தத் தெருவில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. “நிறைய” என்று சொல்ல வாயெடுத்தார். களைப்பாக இருந்தது. தண்ணீர் வரவே இல்லை.

“முப்பத்தொரு பேர்.”

“எத்தனை பேருக்குக் கலைஞ்சது?”

“ரெண்டு.”

“குத்தினதாலயா?”

“தெரியலம்மா. குத்தாத பொம்பளைகளுக்கும் கலையுது. இந்த ரெண்டும் எதனாலன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

கெட்டது காரியம் என்று சாமுவேல் நினைத்தார். ஒண்ணும் ஆகாது என்று சொல்லச் சொல்லித்தான் ஆபீசில் பழக்கியிருந்தார்கள்.

“குத்திக்காம அம்மை வந்த கர்ப்பிணிங்க?”

“நான் பார்த்தது ஏழு பேர். அஞ்சு பேர் செத்துட்டாங்க. ரெண்டு பேர் பிழைச்சாங்க. புள்ளை ஒண்ணுகூடத் தங்கல.”

“இதை மாமிகிட்ட ஏன் சொல்லல?”

“முதல்ல ரெண்டுன்னு சொல்லணுமே. அதுக்கப்புறம் அந்த ஏழு பேரைப் பத்திக் கேக்க யார் இருப்பாங்க?”

“நான் கேட்டேனே.”

சாமுவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குப் பள்ளிகொண்டாவுல சின்ன வயசுல குத்தினாங்க. பிடிக்கலைன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க,” என்றாள். “சகீனா, வாசப்படியில நில்லு.” பிறகு படுதா விலகி ஒரு இடது கை வந்தது. வளையல்கள் தளர்வாகவே இருந்தன. “மாமிக்குத் தெரிய வேணாம். அவங்க கெட்டவங்க இல்ல. மூத்தவங்களுக்குக் கலைஞ்சப்போ ராத்திரி பூரா மடியில போட்டுக்கிட்டு இருந்தவங்க. சொன்னா பயத்துலயே படுத்துடுவாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“பேகம்மாவைக் கேக்காம நான்...”

“கை யாருதுங்க சார்?”

சாமுவேல் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஊசியைச் சுடரில் காட்டினார். மூன்று இடத்தில் சுரண்டி அம்மைப்பால் தடவினார்.

அடுத்த எட்டாம் நாள் சகீனா தெருக்கோடிக் கிணற்றடியில் அவரைப் பார்த்து, “மூணு இடத்துலயும் பிடிச்சிருக்கு. காய்ச்சல் ஒரு நாள்தான்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். நீளக் கை வைத்த குர்த்தாவைத் தில்ஷாத் வெயிலிலும் கழற்றவில்லை. அதற்கப்புறம் மூன்று மாசம் சாமுவேல் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் அழுகைச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். முப்பத்திரண்டில் மூன்று என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தார்.

வைகாசியில் அமீர் பாஷாவின் கணக்குப்பிள்ளைக்கு அம்மை வந்தது. முன்கட்டில் தினமும் சாப்பிட்டவன். வீட்டுப் பெண்கள் யாருக்கும் வரவில்லை. ஆடியில் தில்ஷாத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

அன்றிலிருந்துதான் சாமுவேலுக்குச் சனி பிடித்தது.

“எங்க வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு வந்துச்சு. என் மருமவளுக்கு வந்துச்சா? ஊசியா போட்டோம்? ஹகீம் குல்கந்து குடுத்தாரு, தின்னா,” என்று அக்தரி பேகம் பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வாணியம்பாடியிலிருந்து வந்தவர்களிடமும் சொன்னாள். ஆவணிக்குள் அந்தத் தெருவில் ஒரு கர்ப்பிணியும் கை நீட்டவில்லை. ஹகீமிடம் குல்கந்து தீர்ந்துபோய், ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு போட்டுப் புதிதாகக் கிளறினார்கள்.

“அமீர் பாஷா வீட்டு மருமகளுக்கு அம்மை குத்தினீங்களா?” என்று கேட்டார் எதிர்வீட்டு மக்பூல் அகமது. அவர் மனைவிக்கு ஐந்தாம் மாசம்.

சாமுவேல் பெட்டியைத் திறந்தார். மூடினார். “அதை நான் சொல்லக்கூடாது சாயபு.”

“சொல்லக்கூடாதா? இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன். இதுல இன்னா வெட்கம்?”

மக்பூலின் வண்டிக்காரன் வீட்டில் அம்மை. அந்த வண்டிதான் தினமும் வாசலில் நிற்கிறது. இவர்களிடம் பேசுவதைவிட அந்த மாட்டிடம் பேசலாம் என்று சாமுவேலுக்கு இருந்தது. கிணற்றடியில் சகீனாவைப் பிடித்தார்.

“உங்க சின்னம்மாகிட்டக் கேளு. நான் சொல்லட்டுமான்னு கேளு. எதிர்வீட்டு அம்மா பேச்சுத்துணைக்குத் தினம் அங்கதானே வருது? அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பாவம்?”

மறுநாள் சகீனா பதில் கொண்டுவந்தாள். “நீங்க சொல்லக்கூடாதாம். வாக்கு வாக்குதானாம்.”

சாமுவேல் கையிலிருந்த பெட்டியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் தில்ஷாத்துக்குத் தலைக்கு ஊற்றினார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நடந்ததைச் சகீனா பிற்பாடு அவரிடம் சொன்னாள். பேகம்மா குல்கந்துக் கதையை ஆரம்பித்தாளாம். கணக்குப்பிள்ளை சாப்பிட்ட இடம்வரை வந்தாளாம். தில்ஷாத் பிள்ளையைச் சகீனாவிடம் கொடுத்துவிட்டு, ஈரக் குர்த்தாவின் கையைத் தோள்வரை சுருட்டினாளாம். மூன்று தழும்புகள், இன்னும் நிறம் மாறாதவை. “மாமி, நான் குத்திக்கிட்டேன்,” என்றாளாம். மக்பூலின் மனைவி கிட்டே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாளாம். பேகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மதியம்வரை வெளியே வரவில்லையாம்.

சாயங்காலம் அக்தரி பேகம் சாமுவேலுக்கு ஆள் அனுப்பினாள்.

படுதாவுக்கு முன்னால் அவர் நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

“திருட்டுத்தனமா என் வீட்டுல ஊசி போட்டே இல்ல?”

“ஆமாம் பேகம்மா.”

“நான் தொழப் போயிருக்கும்போது.”

“ஆமாம்.”

“அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“ஆயிருக்கலாம். ஆகாதுன்னு எனக்கும் நிச்சயமாத் தெரியாது.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆரம்பித்தாள். தமிழில் திட்டினாள், போதாமல் உருதுவில் திட்டினாள். ஹகீமிடம் தான் என்ன முகத்தோடு போவது என்று கேட்டாள். நாற்பது நாளாகத் தன்னை ஊர் சிரிக்கப் பேசவிட்டதற்குத் திட்டினாள். சிரித்தது மருமகள்தான் என்றாள். மூத்தவளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவில் மூச்சு விட நிறுத்தினாள்.

“எதிர்வீட்டுல உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. போய்த் தொலை.”

சாமுவேல் பெட்டியை எடுத்தார்.

“எங்க போறே? நான் இன்னும் முடிக்கல.”

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.