வடிவு வீட்டில்தான் இருக்கிறாள்

எல்லா வீடுகளையும் போல எங்கள் கூடத்துச் சுவரிலும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். கிழக்குச் சன்னல் வழியாக வரும். காலண்டருக்குப் பின்னால் போகும். மேற்குச் சன்னல் வழியாக வெளியேறி அடுத்த வீட்டுத் தாணு சாரின் கூடத்துக்குள் நுழையும். வெள்ளையடித்தாலும் மறையாது.

அன்று காலை, என் மனைவி வடிவு காணாமல் போய்விட்டதாக ஓடியது. வடிவு எனக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் படித்தாள். என்னத்தையாவது ஓட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

எனக்கு அந்தச் சுவர்மேல் நம்பிக்கை கிடையாது. போன மழையில் தெருவிலும் கூடத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தெரு காய்ந்து கிடப்பதாக ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றுதான் அதைப் படித்தோம்.

தாணு சார் துக்கம் விசாரிக்க வந்தார். வடிவு காப்பி கொண்டுவந்தாள். அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"இனிமே இந்தக் கைப்பக்குவம் எங்கவே கெடைக்கும்?"

அவள் உங்கள் முன்னால்தானே நிற்கிறாள் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீரு சொல்லுதீரு. செவுத்துல வேற மாதிரில்லா ஓடுது."

பீரோவைத் திறந்துகொண்டு ஒரு பெண் நிருபர் வந்தாள். பின்னாலேயே கேமராக்காரன், வடிவின் பட்டுப்புடவைகளை ஒதுக்கியபடி. வடிவைச் சற்று நகரச் சொன்னார்கள். காணாமல் போனவர் படத்தில் விழக் கூடாதாம். அவள் நகர்ந்து நின்றாள். நிருபர் என் வாயருகே மைக்கை நீட்டி, இந்த நேரத்தில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மனைவி வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். அது உங்கள் தரப்பு, பிறகு போடுகிறோம் என்றாள்.

மத்தியானம் கூடம் நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. விவாதம் தொடங்கியது. ஒரு கட்டத்தில் நான். ஒன்றில் தாணு சார். அவருக்குக் கீழே, அடுத்த வீட்டு நிபுணர் என்று போட்டிருந்தார்கள். மூன்றாவதில் கோட்டு அணிந்த ஒருவர். அவரை யாருக்கும் தெரியவில்லை, அவர்தான் அதிகம் பேசினார். நான்காவதில் வடிவு. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் விளம்பரம் வந்தது.

அந்தப் பெண் வடிவுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கோட்டுக்காரர் கேட்டார். நான் அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூக்குத்தி வலது பக்கம் இருந்தது. அது எப்போதும் எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்கு நினைவில்லை.

நான் பார்த்ததை வடிவு கவனித்துவிட்டாள். கட்டங்களைப் பிரித்த கோட்டைத் தாண்டி என் கட்டத்துக்குள் வந்தாள்.

"அவங்கள விடுங்க. நீங்க சொல்லுங்க. நான் இருக்கேனா, இல்லையா?"

இருக்கிறாய் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால், சுவரில் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தங்கத்தின் விலை ஓடியது. திரும்பினால் அவள் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. அவரைக்காய் பாதி உரித்தபடி கிடந்தது.

தெருமுனைக்கு ஓடினேன். நான் ஓட ஓடத் தெருமுனை தள்ளிப் போனது. ஒருவழியாகக் காவல் நிலையம் வந்தது. ஏட்டு தன் சுவரைக் காட்டினார். 'வடிவு வீட்டில்தான் இருக்கிறார்: கணவர் உறுதி' என்று ஓடியது. காலையில் நான் சொன்னதை இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவரை எங்கே போய்த் தேடுவது என்றார் ஏட்டு.

திரும்பி வந்தபோது தாணு சார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வடிவு கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம் என்றார். அவள் போய்விட்டாள் சார் என்றேன். சுவரைப் பார்த்துச் சிரித்தார். வடிவை ஒரு காப்பி போடச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அடுப்படிக்குப் போனேன். எது சர்க்கரை டப்பா, எது உப்பு டப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. கைக்கு வந்ததைப் போட்டு, ஆற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாணு சார் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அதே கைப்பக்குவம்" என்றார்.